வன்னிக்குத் திருச்சபைக் குழுவோடு பணிசெய்ய வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆடி, ஆவணி மாதங்களில், கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்டிருக்கும் நாட்களில், இலங்கையின் வடக்கே வன்னியூடாகச் செல்லும் ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் சிறிது நேரம் நின்றால், கச்சான் கடலை வாங்க நிறுத்தும் வான்களில் ஒன்றிலாவது ஒரே நிற ரீசேட் அணிந்த இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் காணலாம். அவர்களிற் பலர் புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகள். சிலர் அவர்களோடு கூட வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். தங்கள் சபையிலோ கத்தோலிக்கப் பங்கிலோ ஓராண்டாகக் கேக் விற்றும் கார் கழுவியும் பணம் சேர்த்து, இரண்டு கிழமைக்கு மிஷன் பயணமாக வருகிறார்கள். கிளிநொச்சிப் பக்கத்துப் பங்கு ஒன்றில், இவ்வாறு வருவோருக்குத் தங்குமிடம் பார்ப்பது முதல் வீடுகளுக்குக் கூட்டிச் செல்வது வரை ஒழுங்கு செய்யும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருப்பதால், முதன்முறை வருவோர் அறிய வேண்டியவற்றை, அவர்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ய எண்ணும் எந்தக் காரியத்தையும், "எங்கள் வான் புறப்பட்ட மறுநாள் இதை யார் சுமப்பார்?" என்று கேட்டு அளந்து பாருங்கள். படுக்கையில் இருக்கும் ஒருவருக்குப் பதினான்கு நாளும் காலையில் புண் கழுவிக் கட்டிவிடுவது நல்ல காரியந்தான். ஆனால் அந்த இரண்டு கிழமையில் அவருடைய தாய் கைவிட்ட பழக்கத்தைப் பதினைந்தாம் நாள் அந்தத் தாயே மறுபடி தொடங்க வேண்டும், அதுவும் உங்களிடமிருந்த துணியும் மருந்தும் இல்லாமல். கீழே சொல்லப்படுபவற்றிற் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

யாருடைய அழைப்பில் வருகிறீர்கள்

பயணச்சீட்டு வாங்குமுன் அழைப்புக் கடிதம் ஒன்றைப் பெற வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் கத்தோலிக்கப் பங்குகள் யாழ்ப்பாண மறைமாவட்டத்தையும், வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பங்குகள் 1981இல் உருவாக்கப்பட்ட மன்னார் மறைமாவட்டத்தையும் சேர்ந்தவை. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம், மெதடிஸ்த திருச்சபை, அங்கிலிக்கன் திருச்சபை ஆகியவற்றுக்கும் இங்கே சபைகள் உண்டு. சுயாதீன சபைகளும் பல. உங்களோடு ஏற்கெனவே உறவுள்ள ஒரு பங்குத்தந்தையோ போதகரோ எழுத்தில் அழைத்த பின்னரே மற்றவற்றை யோசிக்கலாம்.

அழைப்பைக் கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "உதவி செய்ய வருகிறோம், என்ன செய்யலாம்?" என்று கேட்டால், இங்குள்ளவர்கள் மரியாதைக்காக எதற்கும் ஓமென்பார்கள். ஆகவே, முன்னர் வந்த குழுக்கள் செய்தவற்றில் இன்றும் நிற்பது எது, இப்போது நீங்களே செய்துகொண்டிருக்கும் வேலைகளில் எதற்கு இரண்டு கை கூடுதலாக இருந்தால் இலகுவாகும், எங்கள் வருகையால் உங்களுக்கு என்ன செலவு என்ற மூன்றையும் கேளுங்கள். முன்பள்ளி ஒன்றின் சுவருக்கு மூன்று ஆண்டுகளில் மூன்று குழுக்கள் மூன்று நிறம் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே ஊரில் நாட்கூலிக்குப் பெயின்ற் அடித்துக் குடும்பம் நடத்தும் இருவர், மதிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று அந்த வேடிக்கையைப் பார்த்தார்கள். அந்த இருவருக்கும் நான்கு நாட்கூலி கொடுத்திருந்தால் வேலையும் சீராக முடிந்திருக்கும், இரண்டு வீட்டில் அடுப்பும் எரிந்திருக்கும்.

காலத்தையும் அழைப்பவரே சொல்லட்டும். காலபோக நெல் அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் வயலை விட்டு யாரும் உங்களோடு பேச வரமாட்டார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி; உள்வீதிகள் பலவற்றில் வான் புதையும். ஆடி, ஆவணியில் வந்தால் வீதி நன்றாக இருக்கும், கிணறு வற்றியிருக்கும், கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். (முறிகண்டியில் விற்பதும் கச்சான், வீசுவதும் கச்சான், முன்னது மட்டுமே இனிக்கும்.) மே மாதத்தின் நடுப்பகுதி போரில் இறந்தவர்களை ஊரே நினைவுகூரும் காலமாகையால், அந்த நாட்களில் பாட்டும் விளையாட்டுமாக எந்த நிகழ்வையும் வைக்காதீர்கள்.

கடிதங்களும் சான்றுகளும்

இது சலிப்பான பகுதி. ஆனாலும் தாண்டிப் போக முடியாதது. சுற்றுலா விசா, சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ வேலை செய்வதற்கு இடம் கொடுப்பதில்லை. "நாங்கள் தொண்டர்கள்தானே" என்று வாதாடுவதில் பயனில்லை. என்ன வேலை, எத்தனை நாள் என்பதைத் தெளிவாக எழுதி, அழைக்கும் மறைமாவட்டம் அல்லது திருச்சபை அலுவலகத்தின் வழியாக, எந்த வகை விசா பொருந்தும் என்று குடிவரவுத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவிக்கும் கடிதத்தை அழைப்பவர் கொடுப்பார். கிராம அலுவலருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். குழுவில் மருத்துவரோ தாதியோ இருந்தால், உரிய இலங்கைப் பதிவுச் சபையின் தற்காலிகப் பதிவு இல்லாமல் அவர் இங்கே ஒரு நோயாளியையும் பார்க்கக் கூடாது. பயணப்பெட்டியில் மருந்து கொண்டுவந்து பகிர்வதும் அப்படியே.

பாதுகாப்புச் சான்றை, அதாவது சிறுவரோடு பணிசெய்யத் தடையான குற்றப் பின்னணி இல்லை என்பதற்கான சான்றை, குழுவில் ஒருவர் விடாமல் எடுக்க வேண்டும். பிரித்தானியாவில் டி.பி.எஸ். சான்று, அவுஸ்திரேலியாவில் சிறுவரோடு பணிபுரிவோருக்கான சான்று, கனடாவில் பலவீனமான நிலையிலுள்ளோரோடு பணிபுரிவோருக்குப் பொலிஸ் வழங்கும் சான்று என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு முறை இருக்கிறது. "இவர் எங்கள் பாஸ்ரரின் தம்பி, இவருக்கு எதற்கு?" என்ற பேச்சு எழும். எழுந்தால், சான்று இல்லாமல் அவரை ஏற்க மாட்டோம் என்று நாங்கள் இங்கிருந்தே எழுதிவிடுவோம். பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள்.

புறப்படுமுன் கற்க வேண்டியவை

வரலாற்றைப் படித்து வர வேண்டும், ஒப்புவிப்பதற்காக அல்ல, வாயைக் கட்டிக்கொள்வதற்காக. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்றது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களுக்குள் வைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். நீங்கள் போகும் வீட்டில் நாற்பது வயதைத் தாண்டிய எவரும் பல முறை இடம்பெயர்ந்தவராக இருப்பார். வன்னி மக்கள் எல்லோரும் ஒரே கதையைக் கொண்டவர்கள் என்றும் எண்ண வேண்டாம். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பின்னர் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள், கடலோரக் கத்தோலிக்கக் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகக் குளத்தோடும் வயலோடும் வாழும் சைவக் குடும்பங்கள் எனப் பலர் இங்கே அடுத்தடுத்த வேலிகளுக்குள் இருக்கிறார்கள்.

மொழியில் ஒரு சிறு காரியம் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் தாய் தகப்பன் தங்களை அழைக்கக் கேட்ட "நீ"யை மட்டுமே அறிந்திருப்பதால், எழுபது வயது அம்மாவிடமும் "நீ சாப்பிட்டியா?" என்று அன்பாகக் கேட்பார்கள். அம்மா சிரித்துவிட்டுப் பதில் சொல்வார். பக்கத்தில் நிற்கும் மகன் சிரிக்கமாட்டார். நீங்கள், வாங்கோ, இருங்கோ, சொல்லுங்கோ என்ற நான்கையும் விமானத்திலேயே பழகிக்கொள்ளட்டும். வயதுக்கேற்ப அம்மா, ஐயா, அக்கா, அண்ணா என்று அழைத்தால் போதும். "விதவை", "அநாதை", "ஊனம்" என்ற சொற்களை விட்டுவிடுங்கள். அலுவலகத்தில் "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்பார்கள், நேரில் "அக்கா" என்பதே சரி. காணாமற்போனவரைப் பற்றிப் பேச நேர்ந்தால், அவர் இருக்கிறார் என்ற வினையிலேயே பேசுங்கள். "உங்கள் மகன் எப்படிப்பட்டவராக இருந்தார்?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது, அந்த இறந்தகாலம் ஒரு தாயின் முகத்தை எப்படி மாற்றியது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

சிறுவர்களோடு

சிறுவர் இல்லங்களுக்குப் போய் ஒரு நாள் விளையாடி, கட்டியணைத்துப் படம் எடுத்துத் திரும்பும் நிகழ்ச்சியை உங்கள் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுமாறு கேட்கிறேன். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளிற் பலருக்குத் தாயோ தகப்பனோ, சிலவேளை இருவருமோ, உயிரோடு இருக்கிறார்கள். வறுமையும் பாடசாலைத் தூரமும் தாயின் மறுமணமுமே அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கும். கிழமைக்கொரு புது அக்கா வந்து மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு மறைந்தால், பிள்ளை இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: யார் வந்தாலும் ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளவோ, யாரையும் நம்பாமலிருக்கவோ. முதலாவது பழக்கம் எத்தகைய ஆட்களுக்கு வசதியானது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய பணத்தை, பிள்ளைகளை வீட்டோடு வைத்திருக்கத் தாய்மாருக்கு உதவும் வேலைத்திட்டம் எதற்காவது கொடுங்கள். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திடம் பதிவில்லாத இல்லம் எதற்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்வதென்றால், மறைக்கல்வி ஆசிரியரோ முன்பள்ளி ஆசிரியரோ நடத்தும் வகுப்பில் உதவியாளராக இருங்கள். வகுப்பு அவருடையதாகவே இருக்கட்டும். அங்கே சில விதிகளுக்கு விலக்கே கிடையாது. பிள்ளையோடு தனியே எந்த அறையிலும் எந்த வாகனத்திலும் இருக்கக் கூடாது. எப்போதும் பெரியவர் இருவர், அவர்களில் ஒருவர் உள்ளூரவர். பிள்ளை வந்து கையைப் பிடித்தால் பிடிக்கட்டும், நீங்களாகப் போய்த் தூக்காதீர்கள். கைபேசி இலக்கமோ முகநூல் கணக்கோ கொடுக்க வேண்டாம். ஊர் திரும்பிய பின் வரும் நட்பு அழைப்பையும் ஏற்க வேண்டாம். வீதியில் வானை நிறுத்தி ரொபி எறிவதைச் சிலர் இன்னும் செய்கிறார்கள். அந்த வீதியில் பேருந்தும் ரிப்பர் லொறியும் ஓடுகின்றன என்பது ஒருபுறமிருக்க, ஆட்களைக் கடத்திச் சென்ற வெள்ளை வானைக் கண்டால் ஓடி ஒளிந்த ஊர் இது. இப்போது வானைக் கண்டால் பிள்ளைகள் ஓடி வரப் பழகுவதையும் நாங்கள் விரும்பவில்லை.

பிள்ளை ஒன்று தனக்கு நேர்ந்த தீங்கை உங்களிடம் சொன்னால், நம்புங்கள், துருவிக் கேட்காதீர்கள், "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதி, குழுவின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கும் எங்கள் பொறுப்பாளருக்கும் அன்றே கொடுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம். குற்றம் சாட்டப்படுபவர் உங்கள் குழுவில் இருந்தாலும், எங்கள் பங்கில் இருந்தாலும், அங்கி அணிந்தவராக இருந்தாலும், வழி இதுவே.

வீடுகளுக்குப் போகும்போது

வருவோர் அதிகம் விரும்புவதும் அதிகம் பிழை விடுவதும் வீடு தரிசிப்பிலேதான். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணவரை இழந்து, மூத்த மகன் காணாமல் ஆக்கப்பட்ட ஓர் அம்மாவின் வீட்டுக்கு ஒன்பது பேரைக் கூட்டிச் சென்றேன். தகரக் கூரைக்குக் கீழ் இருந்த நான்கு பிளாஸ்ரிக் கதிரைகளையும் துடைத்துப் போட்டார். போதாததற்குப் பக்கத்து வீட்டில் இரண்டு வாங்கினார். சிறிது நேரத்தில் ஒரு பெரிய சோடாப் போத்தலும் மாரி பிஸ்கற் பைக்கற்றும் வந்தன. பிள்ளைகள் மரியாதையாக வாங்கிக் குடித்தார்கள். அடுத்த கிழமை நான் சந்திக் கடைக்குப் போனபோது, கடைக்காரர் கடன் கொப்பியைத் திருப்பி, "அண்ணை, உங்கடை ஆக்கள் வந்த அண்டைக்கு எடுத்தது" என்று அந்த வரியைக் காட்டினார். அந்த ஆண்டில் அந்த அம்மாவுக்கு அது நாலாவது குழு. அன்று முதல், தேயிலை, சீனி, பால்மா, பிஸ்கற் அடங்கிய பை ஒன்றை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த வீட்டார் ஊற்றித் தரும் தேநீரை மறுக்காமல் குடிப்பது என்ற வழக்கத்தைக் கைக்கொள்கிறோம். விருந்தோம்பும் உரிமையை அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. அதன் கடனை அவர்கள் தலையில் விடவும் கூடாது. ஒரு வீட்டுக்கு இருவர் அல்லது மூவருக்கு மேல் போவதையும் நிறுத்திவிட்டோம்.

அதே அம்மா கதை சொன்ன விதத்தையும் எழுத வேண்டும். "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று பிள்ளைகள் கேட்டதும், அவர் எழுந்து போய், சாக்குப் போல் கனத்த சொப்பிங் பை ஒன்றைக் கொண்டுவந்து, லமினேற் செய்த படத்தையும், ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளையும் ஒவ்வொன்றாகப் பாயில் அடுக்கினார். திகதியைக்கூடப் பார்க்காமல் சொன்னார். சொல்லும்போது அவர் அழவில்லை. பிள்ளைகளே அழுதார்கள், அவரே எழுந்து அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் போன பின் இரண்டு நாள் அவர் சமைக்கவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா எனக்குச் சொன்னார்.

ஆகவே, கதை கேட்பதற்காக வீடுகளுக்குப் போகாதீர்கள். நடந்ததை நடந்தபடி ஒருமுறை கொட்டித் தீர்க்கச் செய்தால் மனம் ஆறும் என்ற பழைய எண்ணத்தை உளநல வல்லுநர்கள் கைவிட்டு நெடுங்காலமாகிறது; உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி. அதன் சாரம் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்றே. இவருக்கு இப்போது என்ன தேவை என்று பார்ப்பது, அவராகச் சொன்னால் மட்டும் இடைமறிக்காமல் கேட்பது, உங்களால் தீராததைத் தீர்க்கக்கூடியவரோடு சேர்த்துவிடுவது. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்தில் உளநல உதவி கிடைக்கும். பெண்களுக்கான உதவிக்கு 1938 உண்டு. இலக்கங்களைக் கொடுத்துவிட்டு வருவதும் போதாது. எந்த நாள் கிளினிக், எந்த பேருந்து என்பதை உள்ளூர்ப் பொறுப்பாளரோடு பேசி முடிக்க வேண்டும்.

பேசுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் கைவேலையில் சேர்ந்துகொள்ளுங்கள். வெங்காயம் உரிக்கலாம், பாய் இழைக்கும் அக்காவிடம் எப்படியென்று கேட்டுப் பழகலாம். கற்பிக்க வந்தவர்கள் ஓலையோடு திணறுவதைப் பார்த்து வீட்டார் சிரிப்பதே, என் அனுபவத்தில், நல்ல தரிசிப்பின் முதல் அடையாளம்.

ஆண் துணையில்லாத வீட்டுக்கு ஆண்கள் தனியே போக வேண்டாம். பொழுதுபட்ட பின் எவரும் போக வேண்டாம். உங்களுக்கு நல்லெண்ணம் இருக்கலாம், வேலிக்கு அப்பால் நிற்கும் ஊருக்கு அது தெரியாது. நீங்கள் போன பிறகு அந்த அக்கா அதே ஊரில்தான் கிணற்றடிக்குப் போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர் போராட்டம் நடத்திவருகிறார்கள், அவர்களிடமும் முன்னாள் போராளிகளின் வீடுகளிலும் வெளிநாட்டார் வந்துபோனால், "வந்தவர்கள் யார், என்ன கேட்டார்கள்?" என்று பின்னர் விசாரிக்க ஆட்கள் வருவது இங்கே புதிதல்ல. ஆகவே எந்தக் குடும்பத்தினதும் பெயர், முகம், வீட்டடையாளம் எதுவும் உங்கள் முகநூலில் வரக் கூடாது. படம் எடுப்பதற்கு அனுமதி கேட்கும்போது, "இது எங்கே போகும்" என்பதைத் திரையில் காட்டிக் கேளுங்கள், வெறும் "எடுக்கலாமா?" என்பதற்கு எங்கள் மக்கள் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர், எறிகணைச் செல் துண்டு உடம்பிலிருப்போர், கால் இழந்தோர் உள்ள வீடுகளில், நோயாளியைவிடப் பராமரிப்பவரைக் கவனியுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டிய ஒருவரோடு, அறுபது வயதைக் கடந்த தாய் ஆண்டுக்கணக்காக இரவும் பகலும் இருக்கிறார். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பராமரிப்பாளர் ஒருவரோடு சேர்ந்து நீங்கள் அரை நாள் அங்கே இருந்தால், அந்தத் தாய் தன் சொந்தக் கிளினிக்குக்கோ வங்கிக்கோ கோவிலுக்கோ போய் வருவார். கடந்த ஆண்டுகளில் வந்த குழுக்கள் செய்தவற்றுள் இதைத்தான் மறுபடி கேட்டு அனுப்பினார்கள்.

கொடுப்பதும் வாங்குவதும்

கொடுக்கும் பொருளை இங்கே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அழகான சக்கர நாற்காலி ஒன்று, முன்சில்லு மணல் முற்றத்தில் புதைய, பின் ரயர் வெடித்த பிறகு அந்த அளவு ரயர் சைக்கிள் கடை எதிலும் அகப்படாமல், கோழி அடைக்கும் கூடாக முடிந்ததை நான் அறிவேன். இங்குள்ள சைக்கிள் ரயர் பொருந்தும் மூன்று சில்லு வண்டியைக் கேட்டு எடுங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் இரகசியமாகப் பணம் கொடுப்பது அந்த வீட்டைத் தெருவில் தனிமைப்படுத்தும். கிழமைக் கட்டுப்பணம் வாங்க நுண்கடன்காரர் வந்து நிற்கும் வாசலில் அது ஒரு மாதமும் தாங்காது. பணம் கொடுக்க விரும்பினால் மாதர் சங்கமோ பங்கின் சமூகப்பணிக் குழுவோ எல்லோரும் அறிய நடத்தும் திட்டத்துக்கே கொடுங்கள். வாழ்வாதாரத்துக்கு ஆடு, கோழி என்றால் தண்ணீர் உள்ள வீடா என்று முதலில் பாருங்கள்.

செபம்

வன்னி மக்களிற் பெரும்பான்மையோர் சைவர்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கும், ஓகஸ்ட் 15இல் மடு மாதாவின் திருவிழாவுக்கும் ஒரே வீட்டார் போவதுண்டு. அந்தச் சுமுகத்தை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். ஒருவர் தாம் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சுதந்திரம் தருகிறது. அந்தச் சுதந்திரம் பசியோடிருப்பவருக்கும் உரியது என்பதனால், அரிசிப் பையோடு வேதப்புத்தகத்தைச் சேர்த்துக் கொடுப்பதை நாங்கள் அனுமதிப்பதில்லை. பொருள் கொடுத்த அன்று செபிக்கவும் மாட்டோம். "உங்களுக்காகச் செபிக்கலாமா?" என்று கேட்டால், கையில் பை வாங்கியவருக்கு வேண்டாமென்று சொல்ல வாய் வராது. செபிக்க விரும்பினால் மாலையில் உங்கள் தங்குமிடத்தில் அவர்கள் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். அவர்களாகக் கேட்டால் நின்று சுருக்கமாகச் செபியுங்கள். கைவைத்துப் பேயோட்டுவது போன்றவற்றுக்கு இங்கே இடமில்லை. மகன் போனது தன் விதியென்று ஒரு தாய் சொன்னால் திருத்தாதீர்கள். ஞாயிறு பூசைக்கோ ஆராதனைக்கோ வாருங்கள், பின்வரிசையில் இருங்கள். பாட்டு உங்களுக்குத் தெரியாமலிருப்பது நல்லதே.

உடலைப் பார்த்துக்கொள்ளுதல்

கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கல்சியமும் கூடியது; வவுனியாவின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. வடிகட்டிய நீரையே குடியுங்கள். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வெயிலில் வேலை வேண்டாம். நுளம்பு வலை, இரவில் காலடிக்கு ரோச். புடையன் பாம்பு இருக்கும் ஊர். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள். முகமாலைப் பக்கத்திலும் வேறிடங்களிலும் மிதிவெடி அகற்றும் வேலை நெடுங்காலமாக நடக்கிறது. பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஒதுங்காதீர்கள். அம்புலன்ஸ் 1990.

உங்கள் குழுவிலும் உடைந்து போகும் பிள்ளைகள் இருப்பார்கள், விசேடமாகத் தாய் தகப்பன் இந்த மண்ணிலிருந்து போனவர்கள். "இது நானாக இருந்திருக்கலாம்" என்ற எண்ணம் மூன்றாம் நாளளவில் வரும். அதைப் பேசுவதற்கு ஒவ்வொரு மாலையும் நேரம் ஒதுக்குங்கள். ஆனால் அந்த அழுகையைப் பகலில் வீட்டார் முன் கொண்டுபோக வேண்டாம். சொந்தக்காரர் தேடி வந்தால், அவர்களைச் சந்திக்கக் கடைசி இரண்டு நாளை வையுங்கள். வேலை நாட்களோடு கலந்தால் இரண்டும் கெடும்.

புறப்படும் நாளும் அதன் பின்னும்

கடைசி நாளில் "அடுத்த வருடம் கட்டாயம் வருவோம்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்கள். "இவ்வளவு நாள் உங்களோடு இருந்தோம், இன்று போகிறோம், இந்த வகுப்பை உங்கள் ஆசிரியர் தொடர்ந்து நடத்துவார்" என்பது போதும். தொடங்கிய ஒவ்வொரு வேலைக்கும் உள்ளூரில் யார் பொறுப்பு, சாவி யாரிடம், பழுது பார்க்கப் பணம் எங்கே என்பதைத் தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த படங்களில் வீட்டார் விரும்பியவற்றைக் கழுவி, தாளில் அனுப்புங்கள். கைபேசியில் வந்த படம் அந்தக் கைபேசி அடகுக்குப் போகும்போது போய்விடும். அந்த அம்மாவின் வீட்டுச் சுவரில் இப்போது இரண்டு படங்கள் தொங்குகின்றன: ஒன்று மகனுடையது, மற்றது, ஒரு பிள்ளை எடுத்து மொன்றியலிலிருந்து தபாலில் அனுப்பியது, அம்மா பேரனுக்குத் தலை வாரிவிடும் படம்.

மூன்று மாதம் கழித்து எங்களுக்கு எழுதுங்கள். நன்றிக் கடிதம் வேண்டாம். நீங்கள் விட்டுச்சென்றவற்றில் எது இயங்குகிறது, எது உடைந்தது, கடைக் கொப்பியில் உங்கள் பெயரில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுவோம். அந்தப் பதிலை, அடுத்த குழுவுக்குப் பெயர் சேர்க்கத் தொடங்குமுன், உங்கள் சபையில் சத்தமாக வாசியுங்கள்.